ஒரு சொட்டு ரத்தம் உண்மை சொல்லுமா?

குறை மாதக் குழந்தைகளைத் தாக்கும் "செப்சிஸ்"! கண்டுபிடிக்கப் போராடும் டாக்டர்கள்!

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு குழந்தை.

குழந்தையின் எடை ஒரு கிலோ. ஒரு படி அரிசியின் எடைகூட இல்லை!

ஏழாவது மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை அது. மூக்கில் ஒரு குழாய். தொப்புளில் ஒரு குழாய். மார்பில் ஒட்டிய கம்பிகள்.

நேற்று வரை பால் செரித்தது. இன்று கொடுத்த பால் வயிற்றிலேயே தங்கிவிட்டது. மூச்சு நின்று நின்று வருகிறது. கை கால்கள் சில்லிட்டு இருக்கின்றன.

என்ன காரணம்?

ரத்தத்தில் கிருமி புகுந்திருக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு மணி நேரமும் அபாயம்தான். உடனே மருந்து ஏற்ற வேண்டும்.

கிருமியே இல்லாமலும் இருக்கலாம். மூளையும் நுரையீரலும் முற்றாத குழந்தைக்கு மூச்சு நின்று வருவது சகஜம். குடல் பழகும் வரை பால் தங்குவதும் உண்டு.

இரண்டில் எது உண்மை? குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர்களுக்கு நோய் வந்தால் காய்ச்சல் அடிக்கும். குறை மாதக் குழந்தைக்குப் பல சமயங்களில் காய்ச்சல்கூட வராது. மாறாக, உடம்பு குளிர்ந்துபோகும்!

இந்தக் கேள்விக்கு ஒரு சொட்டு ரத்தத்தில் விடை தேடுகிறார்கள், விஞ்ஞானிகள். விடை கிடைத்துவிட்டதா? பாதி கிடைத்திருக்கிறது. அந்தப் பாதியே பல குழந்தைகளுக்கு நன்மை செய்யக்கூடியது.

30 லட்சம் குழந்தைகள்

தாயின் வயிற்றில் குழந்தை இருக்கவேண்டிய காலம் சுமார் 40 வாரம். 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டால் அது குறை மாதக் குழந்தை.

2020-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன என்று உலக சுகாதார நிறுவனமும் மற்ற நிபுணர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில் பிறந்தவர்கள். வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை.

அந்தக் காலத்தில் ஒரு கிலோக் குழந்தை பிழைப்பது அபூர்வம். இன்று நிலைமை மாறிவிட்டது. மூச்சுக்கு இயந்திரம் இருக்கிறது. சூட்டுக்குப் பெட்டி இருக்கிறது. நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மருந்து இருக்கிறது. இவற்றை எல்லாம் தாண்டி வந்த குழந்தையைக் கடைசியில் மடக்குவது, கண்ணுக்குத் தெரியாத கிருமி!

தாய் தரும் சீதனம்

குறை மாதக் குழந்தையை மட்டும் கிருமி ஏன் சுலபமாக வீழ்த்துகிறது?

கிருமிகளை எதிர்க்கும் சத்து தாயின் ரத்தத்தில் இருக்கிறது. அது தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது தாய் கொடுக்கும் சீதனம் போன்றது இது. ஆறு மாத காலத்துக்கு இந்தச் சீதனம்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு.

ஆனால், இந்தச் சீதனத்தின் பெரும் பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் போய்ச் சேருகிறது. ஏழாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தை, பாதிச் சீதனம்கூட வாங்காமல் வெறுங்கையோடு வந்துவிடுகிறது.

அதன் தோல், காகிதம் போல் மெல்லியது. கிருமி நுழையச் சின்னக் கீறல் போதும். உயிரைக் காப்பாற்ற வைத்த குழாய்களே கிருமி உள்ளே போகும் பாதையாகவும் ஆகிவிடுவது உண்டு.

"செப்சிஸ்" என்றால் என்ன?

கிருமி ரத்தத்தில் கலந்தால் உடம்பு சும்மா இருக்காது. அதை அழிக்கப் போர் தொடுக்கும். சில சமயம் இந்தப் போர் எல்லை மீறிப் போய்விடும். மூட்டைப் பூச்சியை ஒழிக்க வைத்த தீ, வீட்டுக் கூரையையும் பற்றிக்கொள்வது போல, கிருமியைக் கொல்லக் கிளம்பிய சக்தி உடம்பின் உறுப்புகளையே கெடுக்க ஆரம்பிக்கும். ரத்த ஓட்டம் தளரும். சிறுநீரகம், மூளை, நுரையீரல் எல்லாம் பாதிக்கப்படும். இதைத்தான் "செப்சிஸ்" என்கிறார்கள் டாக்டர்கள். "ரத்தத்தில் கிருமி" என்று ஆஸ்பத்திரிகளில் பொதுவாகச் சொல்வது இதைத்தான்.

பிறந்த மூன்று நாட்களுக்குள் இது வந்தால், பெரும்பாலும் பிரசவ சமயத்தில் தொற்றிய கிருமி என்று நினைப்பது வழக்கம். அதற்குப் பின் வந்தால், சுற்றுப்புறத்தில் இருந்து, பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருந்தே, தொற்றியது என்று நினைப்பார்கள்.

டில்லி காட்டிய கணக்கு

இந்தியாவில் இந்த அபாயம் எவ்வளவு பெரியது?

டில்லியில் உள்ள மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவுகள் 2016-ல் வெளியாயின. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சைக் குழந்தைகளை டாக்டர்கள் கவனித்து வந்தார்கள். இவர்களில் நிறை மாதக் குழந்தைகளும் உண்டு.

100 குழந்தைகளுக்கு 14 பேர் வீதம் "செப்சிஸ்" என்று முடிவு கட்டினார்கள். ஆனால், ரத்தத்தில் கிருமி இருப்பது சோதனையில் நிரூபணம் ஆனது, 100-க்கு 6 பேருக்குத்தான்! கிருமி நிரூபணமான குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துபோனார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நோய் கொடியது என்பது ஒன்று. நோய் என்று முடிவு செய்யப்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் கிருமியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்பது இன்னொன்று.

அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் நோய் இருந்ததா? அல்லது சந்தேகம் மட்டும்தானா? இதற்கு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை

ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. குழந்தையின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, கிருமிக்கு வேண்டிய ஆகாரம் உள்ள புட்டியில் விடுவார்கள். புட்டியை உடம்புச் சூட்டில் வைத்திருப்பார்கள். கிருமி இருந்தால் அது புட்டியில் பெருகும். "பிளட் கல்ச்சர்" என்பது இதுதான்.

நல்ல சோதனைதான். ஆனால் மூன்று குறைகள் உண்டு.

முதல் குறை, நேரம். கிருமி வளர்ந்து தெரிய ஒரு நாள் ஆகலாம். ஒன்றரை நாள், இரண்டு நாள்கூட ஆகலாம். குறை மாதக் குழந்தைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

இரண்டாவது குறை, ரத்தத்தின் அளவு. சோதனைக்குக் குறைந்தது ஒரு மில்லி ரத்தம் வேண்டும். ஒரு மில்லிதானே என்று தோன்றும். ஒரு கிலோக் குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 80 முதல் 90 மில்லிதான்! அதில் ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடம் 50, 60 மில்லி எடுப்பதற்குச் சமம். ஆகவே, பல நேரங்களில் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். ரத்தம் குறைந்தால் அதில் கிருமி அகப்படாமல் போகலாம்.

மூன்றாவது குறை, தாய்க்குக் கொடுத்த மருந்து. பிரசவத்துக்கு முன் தாய்க்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்திருந்தால், அது குழந்தையின் ரத்தத்துக்கும் போயிருக்கும். அப்போது கிருமி உடம்பில் இருந்தாலும் புட்டியில் வளராது.

மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி!

ஆகையால் டாக்டர்கள் என்ன செய்கிறார்கள்? சந்தேகம் வந்த உடனே மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். சோதனை முடிவு பிறகு வரட்டும் என்கிறார்கள். அது சரியான முடிவுதான். காத்திருந்து குழந்தையைப் பறிகொடுப்பதைவிட, வேண்டாத மருந்து கொடுத்தாலும் பரவாயில்லை அல்லவா?

ஆனால், "பரவாயில்லை" என்று விட்டுவிட முடியாது என்று இப்போது தெரிகிறது.

கிருமிக்கொல்லி மருந்து கெட்ட கிருமியை மட்டும் கொல்வது இல்லை. குழந்தையின் குடலில் குடியேறவேண்டிய நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்கிறது. அமெரிக்காவில் 19 ஆஸ்பத்திரிகளில் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த 4 ஆயிரம் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். 2009-ல் முடிவு வெளியாயிற்று. கிருமி நிரூபணம் ஆகாமலேயே ஐந்து நாட்களும் அதற்கு மேலும் மருந்து பெற்ற குழந்தைகளிடம், குடல் அழுகும் நோயும் மரணமும் அதிகமாகக் காணப்பட்டன.

இன்னொரு கேடும் உண்டு. மருந்து அதிகமாகப் புழங்கும் இடத்தில் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்துக்கு மசியாது. டில்லி ஆராய்ச்சியில் அதிகம் அகப்பட்ட கிருமியின் பெயர், "அசினெட்டோபாக்டர்". அந்தக் கிருமிகளில் 100-க்கு 82, பல வகை மருந்துகளுக்கும் அசையவில்லை!

இந்தியா உள்பட 11 நாடுகளில் 2018 முதல் 2020 வரை 3,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. அதில் டாக்டர்கள் 200-க்கும் மேற்பட்ட விதங்களில் மருந்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். பழைய மருந்து கேட்கவில்லை என்ற தவிப்பு அதில் தெரிகிறது.

மருந்து கொடுக்காவிட்டால் உயிருக்கு அபாயம். வேண்டாமல் கொடுத்தால் குடலுக்கு அபாயம். நாளை பிறக்கும் குழந்தைக்கும் அபாயம். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி!

திருடன் வந்தால் நாய் குரைக்கும்

கிருமியைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். சரி. கிருமி வந்தால் உடம்பு பரபரப்பு அடைகிறதே, அந்தப் பரபரப்பைக் கண்டுபிடித்தால் என்ன? விஞ்ஞானிகளுக்கு இந்த யோசனை பிறந்தது.

ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் திருடன் நுழைகிறான். திருடன் இருட்டில் ஒளிந்துகொள்வான். கண்ணுக்குத் தெரிய மாட்டான். ஆனால், முதலில் நாய் குரைக்கும். தலையாரி கம்பை ஓங்குவார். பிறகு யாராவது கோவில் மணியை அடிப்பார்கள். கடைசியில் ஊர் ஜனங்கள் தீவட்டியோடு கூடுவார்கள்.

உடம்பும் அப்படித்தான். கிருமி புகுந்தால் ஒன்றன்பின் ஒன்றாகச் சில பொருள்கள் ரத்தத்தில் பெருகுகின்றன. இவற்றை நோய் எதிர்ப்பு அடையாளங்கள் என்கிறார்கள்.

முதலில் குரைக்கும் நாயின் பெயர், "இன்டர்லூக்கின்-6". உடம்பின் அணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் அவசரச் செய்தி இது. ஜப்பானில் ஒசாகா நகரத்து விஞ்ஞானிகளான ஹிரானோ, கிஷிமோட்டோ குழுவினர் 1986-ல் இதன் அமைப்பை ஆராய்ந்து கண்டார்கள். கிருமி புகுந்த சில மணி நேரத்திலேயே இது கிடுகிடு என்று ஏறும். ஆனால், ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். நாய் குரைத்து ஓய்ந்த பிறகு பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தலையாரி ஓங்கும் கம்பு, "சி.டி.64". கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் இது இருக்கிறது. சாதாரண சமயத்தில் மிகக் குறைவு. கிருமி வந்தால் சில மணி நேரத்தில் அதிகமாகும். இதை எண்ண விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும்.

கோவில் மணி, "புரோகால்சிடோனின்". கடுமையான கிருமித் தாக்குதலில் இது ரத்தத்தில் ஏறுகிறது என்று பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 1993-ல் கண்டு சொன்னார்கள்.

ஊர்க் கூட்டம், "சி.ஆர்.பி.". கொரோனா காலத்தில் இந்தப் பெயர் வீட்டுக்கு வீடு அடிபட்டது. இவர்களில் மூத்தது இதுதான். நியூயார்க்கில் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இரு விஞ்ஞானிகள், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் 1930-ல் இதைக் கண்டார்கள். ஈரல் இதைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. கொஞ்சம் ரத்தம் போதும். செலவும் குறைவு. ஆனால், கூட்டம் சேர நேரம் ஆகும். கிருமி புகுந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் ஏற ஆரம்பிக்கும். உச்சத்துக்குப் போக ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும்.

நாய் பொய்யாகவும் குரைக்கும்!

நாய் திருடனைக் கண்டு மட்டுமா குரைக்கிறது? விருந்தாளி வந்தாலும் குரைக்கிறது. கோவில் மணி திருவிழாவுக்கும் அடிக்கிறது.

"புரோகால்சிடோனின்" விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். பிறந்த முதல் இரண்டு நாட்களில், எந்த நோயும் இல்லாத குழந்தைக்கும் இது தானாகவே ஏறி இறங்குகிறது! உலகத்துக்கு வந்ததைக் கொண்டாடும் மணி போலும்! ஆகவே, குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்த்துத்தான் அளவை எடைபோட வேண்டும்.

பிரசவம் கஷ்டமாக இருந்தாலும், குழந்தை மூச்சுத் திணறிப் பிறந்தாலும், அறுவைச் சிகிச்சை நடந்தாலும் சி.ஆர்.பி. ஏறலாம். இன்னொரு பக்கம், மிகவும் முன்னதாகப் பிறந்த குழந்தையின் உடம்புக்கு உரக்கக் கூச்சல் போடும் சக்தியே இல்லை. திருடன் வந்தும் ஊர் தூங்கிவிடுகிறது.

சி.ஆர்.பி.யை எவ்வளவு தூரம் நம்பலாம்? பிறந்து மூன்று நாட்களுக்குப் பின் வரும் நோயைப் பற்றிய 22 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்து நிபுணர்கள் அலசினார்கள். 2,255 குழந்தைகளின் விவரம் அவற்றில் இருந்தது. நோய் என்று சந்தேகம் வந்த நேரத்தில் எடுத்த ரத்தம் என்ன சொன்னது?

உண்மையாகவே நோய் உள்ள 100 குழந்தைகள் இருந்தால், அவர்களில் 62 பேரைத்தான் அது காட்டிக்கொடுத்தது. 38 பேரைத் தவறவிட்டது. நோய் இல்லாத 100 குழந்தைகள் இருந்தால், 26 பேருக்கு நோய் என்று பொய் சொன்னது!

38 குழந்தைகளைத் தவறவிடும் சோதனையை நம்பி எந்த டாக்டரும் மருந்து கொடுக்காமல் இருக்க முடியாது. "முதல் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது" என்பதே நிபுணர்களின் தீர்ப்பு.

கிடைத்த பாதி எது?

அப்படியானால் இந்தச் சோதனைகள் வீணா? இல்லை.

மருந்தை எப்போது ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு இவை நல்ல பதில் சொல்லவில்லை. ஆனால், எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு நல்ல பதில் சொல்கின்றன! கிடைத்த பாதி அதுதான்.

ஊரில் சத்தம் கேட்டதாக ஒரு சந்தேகம். முதல் நிமிஷத்தில் எட்டிப் பார்த்தால் ஒரு கூட்டமும் இல்லை. அதை வைத்துத் திருடன் இல்லை என்று சொல்ல முடியாது. கூட்டம் இனிமேல் வரலாம். ஆனால், விடிந்த பிறகும் தெரு அமைதியாக இருந்தால்? திருடன் வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிரிட்டனில் 2012 முதல் டாக்டர்களுக்கு இப்படித்தான் ஆலோசனை சொல்லப்படுகிறது. சந்தேகம் வந்ததும் மருந்தை ஆரம்பி. சி.ஆர்.பி. பார். 18 முதல் 24 மணி நேரம் கழித்து மறுபடியும் பார். 36 மணி நேரம் ஆகியும் புட்டியில் கிருமி வளரவில்லை, குழந்தை தெளிவாக இருக்கிறது, சி.ஆர்.பி.யும் பயம் காட்டவில்லை, முதலில் வந்த சந்தேகமும் வலுவானது அல்ல என்றால், மருந்தை நிறுத்துவதைப் பற்றி யோசி.

"புரோகால்சிடோனின்" விஷயத்தில் பெரிய பரீட்சையே நடந்தது. நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நான்கு நாடுகளில் 18 ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்தன. 1,710 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு பிரிவில், ரத்தத்தின் அளவைப் பார்த்து மருந்தை நிறுத்தினார்கள்.

முடிவு 2017-ல் வெளியாயிற்று. வழக்கமான பிரிவில் சராசரியாக 65 மணி நேரம் மருந்து கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவில் 55 மணி நேரம். பத்து மணி நேரம் மிச்சம்! "செப்சிஸ்" காரணமாக எந்தக் குழந்தையும் இறக்கவில்லை.

ஆனால், அந்தக் குழந்தைகள் 34 வாரம் நிறைந்து பிறந்தவர்கள். 28 வாரத்தில் பிறந்த ஒரு கிலோக் குழந்தைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நாலு ஜீன்கள் சொல்லும் ஜோசியம்

நாய், மணி, கூட்டம் எல்லாம் திருடன் வந்த பிறகுதானே? வருவதற்கு முன்பே தெரிந்தால்? அந்த முயற்சியும் நடக்கிறது.

ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற சின்ன நாட்டில் 720 குழந்தைகளின் ரத்தத்தைப் பிறந்த உடனே எடுத்து வைத்தார்கள். அவர்களில் 15 பேருக்குப் பிறகு "செப்சிஸ்" வந்தது. கனடா விஞ்ஞானிகள் அந்த ரத்தத்தை ஆராய்ந்தார்கள். நாலு ஜீன்களின் நடமாட்டத்தைச் சேர்த்துப் பார்த்தால், நோய் வரப்போவதை வெளியே தெரிவதற்கு முன்பே பத்துக்கு ஒன்பது தடவை சரியாகச் சொல்ல முடிந்தது என்று 2024-ல் அறிவித்தார்கள்.

கேட்க இனிக்கிறது. ஆனால், நோய் வந்தவர்கள் 15 பேர்தான். ஆராய்ச்சியும் குறை மாதக் குழந்தைகளுக்காக நடந்தது அல்ல. இன்னும் பல ஆயிரம் குழந்தைகளிடம் பார்த்த பிறகுதான் நம்ப முடியும்.

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பிறகும் முடிவு ஏன் எட்டவில்லை? முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குறை மாதக் குழந்தைக்கு எதை "செப்சிஸ்" என்று சொல்வது என்பதிலேயே உலக டாக்டர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை! ஓர் ஆராய்ச்சியில் புட்டியில் கிருமி வளர்ந்தால்தான் நோய். இன்னொன்றில் டாக்டரின் சந்தேகமே நோய். அளவுகோலே ஆளுக்கு ஆள் வேறுபட்டால் துணியை எப்படி அளப்பது?

2024 ஜனவரியில் சர்வதேச நிபுணர் குழு ஒன்று குழந்தைகளின் "செப்சிஸ்" நோய்க்குப் புதிய இலக்கணம் வகுத்தது. அதில்கூட, 37 வாரம் எட்டாத குறை மாதக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. மிகவும் எளியவர்கள், கணக்கிலேயே விடுபட்டுப் போனார்கள்!

தாயின் மார்பே மருந்து

நோயைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்றால், வராமல் தடுப்பது இன்னும் முக்கியம். அதற்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டாம்.

கங்காரு தன் குட்டியைப் பையில் வைத்துக் காப்பது போல, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைப்பது ஒரு முறை. முன்பெல்லாம் குழந்தை தேறிய பிறகுதான் இதைச் செய்தார்கள். பிறந்த உடனேயே செய்தால் என்ன என்று கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, டான்சானியா ஆகிய நாடுகளில் பார்த்தார்கள். இந்தியாவில் இது நடந்த இடம், டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி.

ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடை உள்ள 3,211 குழந்தைகள் இதில் சேர்ந்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. தேறும் வரை காத்திருந்த பிரிவில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 100-க்கு 16 பேர். உடனே தாயோடு சேர்த்த பிரிவில் 12 பேர். "செப்சிஸ்" என்ற சந்தேகம் வந்ததும் இந்தப் பிரிவில் குறைவு: 100-க்கு 28 பேருக்குப் பதிலாக 23 பேர்.

தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் முதலில் குழந்தையிடம் குடியேறிவிடுகின்றன. தாய்ப்பாலும் சீக்கிரம் கிடைக்கிறது. குழந்தையைத் தொடும் கைகளும் குறைகின்றன. இவை காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

குடும்பத்தார் கவனிக்கவேண்டியது

குறை மாதக் குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் கவனம் தேவை. குழந்தையைத் தூக்கும் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பார்க்க வரும் உறவினர்களிடம் இதைச் சொல்லக் கூச்சப்படக் கூடாது. தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும், சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை, கழுதைப்பால் எதையும், வாயில் வைக்கக் கூடாது. தொப்புளில் எதையும் பூசக் கூடாது.

பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வேகமாக வாங்கினாலும், மூச்சு விடும்போது மார்பு உள்ளே குழிந்தாலும், உடம்பு சுட்டாலும், சில்லிட்டாலும், தொட்டு எழுப்பினால் மட்டுமே அசைந்தாலும், வலிப்பு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "காலையில் பார்க்கலாம்" என்று இருக்கவே கூடாது.

குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்தால், டாக்டரிடம் பணிவாக இரண்டு கேள்விகள் கேட்கலாம். "கல்ச்சர் சோதனை எடுத்தீர்களா? முடிவு நல்லபடியாக வந்தால் மருந்து எத்தனை நாளில் நிறுத்துவீர்கள்?" நல்ல டாக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். அதேசமயம், டாக்டர் சொல்லாமல் மருந்தைப் பாதியில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்துவதும் தவறு.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த ஒரு கிலோக் குழந்தைக்கு, ஒரு சொட்டு ரத்தம் இன்னும் முழு உண்மையைச் சொல்லவில்லை. பரிசோதனைத் தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பதால் அது பிழைக்காது. மணிக்கு ஒரு தரம் வந்து அதன் நிறத்தையும் மூச்சையும் பார்க்கும் நர்ஸின் கண் வேண்டும். சந்தேகம் வந்ததும் மருந்தைத் தொடங்கும் டாக்டரின் வேகம் வேண்டும். தேவை இல்லை என்று தெரிந்ததும் அதே மருந்தை நிறுத்தும் தைரியமும் வேண்டும்.

அந்தத் தைரியத்தைக் கொடுக்கும் அளவுக்கு ரத்தச் சோதனை வளர்ந்திருக்கிறது. மீதிப் பாதிக்கு உலகம் காத்திருக்கிறது.